ஆறில் மூன்று

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளையில், கையில் சாக்பீஸோடு, நாலாம் வகுப்பு டீச்சர் வகுப்பை விட்டு வெளியே நடந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. போகப்போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு! பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. கால் தானாக வாசலைத் தாண்டியது. வராந்தா, படிக்கட்டு என்று போய்க் குழாயடியில் நின்றபோதுதான் விரல் நுனி வெள்ளையாக இருப்பதைப் பார்த்தாள்.

புருஷன் போய் மூன்று மாதம். இரண்டு மாத விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி நாலு வாரம் ஆகியிருந்தது. நாலு வாரத்தில் இது ஐந்தாவது தடவை. பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. கடைசி பெஞ்சில் இருக்கும் பையனுக்கு வகுப்பு வைத்த பெயர் 'சத்தம்'. அவன் ஜன்னலில் ஏறி நேரடி வர்ணனையே கொடுப்பான்: "மிஸ் குழாய்கிட்ட போயாச்சு... நிக்கிறாங்க... தண்ணி குடிக்கலை... திரும்பிட்டாங்க, உக்காருங்கடா!"

ஆனால் முந்தைய நாலு தடவையும் காரணம் இல்லாமல் போனது. இந்தத் தடவை காரணம் இருந்தது.

பாடம் சமான பின்னங்கள். இரண்டில் ஒன்றும், நாலில் இரண்டும், ஆறில் மூன்றும் பெயரளவில்தான் வேறு, அளவில் ஒன்று என்று காட்ட வேண்டும். பலகையில் எழுதி, மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கு என்று சொல்லிவிட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அவள் அப்படிச் சொல்லிக்கொடுப்பவள் இல்லை. பதினாறு வருஷமாகப் பிள்ளைகள் கையில் தாள் பட்டையைக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் பழக்கம். பார்த்தபிறகு அவர்களே சொல்வார்கள். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அன்று அவர்கள் சொன்னது வேறாக இருந்தது.

"மிஸ், இது சமம் இல்லை" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் 'வக்கீல்'. "ஆறுல மூணுதான் பெருசு. பாருங்க, பாதியைத் தாண்டி வெளியில நிக்குது."

"சரியா வை."

"சரியாத்தான் மிஸ் வச்சிருக்கேன். இவளோடதும் தாண்டுது. அவனோடதும் தாண்டுது."

வகுப்பில் முக்காலே மூணு வீசம் பேர் வக்கீல் பக்கம். குனிந்து பார்த்தாள். தாண்டித்தான் நின்றது, ஒரு நெல்மணி அளவு. அட்டைத் துண்டுகளை அவளே வீட்டில் வெட்டியிருந்தாள். ஒரு துண்டை வெட்டி, அதை வைத்து அடுத்ததற்குக் கோடு போட்டு, அதை வைத்து அதற்கடுத்ததற்குக் கோடு போட்டு. ஒவ்வொரு கோட்டின் தடிமனும் சேர்ந்து சேர்ந்து துண்டுகள் வளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. முதல் துண்டோடு கடைசித் துண்டை ஒத்துப் பார்க்கும் பொறுமை அவளுக்கு இல்லாமல் போயிற்று.

"சமம்னு வச்சுக்கோ" என்றாள்.

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பதினாறு வருஷத்தில் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாத வார்த்தை. வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதைக் குறைவு இல்லை. கொஞ்சம் பாவப்பட்ட மாதிரி இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. கால் வாசலுக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியையை அந்தப் பள்ளியில் எல்லோரும் பெரிய டீச்சர் என்றே சொல்வார்கள். ஆளும் பெரிய ஆள்தான், நாற்காலி தெரியவில்லை.

சாயங்காலம் அவர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தம்ளர் தேநீர் இருந்தது. திட்டுவதற்குக் கூப்பிட்டால் ஒரு தம்ளர்தான் இருக்கும் என்று ஊழியர்களுக்குள் ஒரு கணக்கு.

"உட்காருங்க டீச்சர்."

"பரவாயில்லை, நிக்கிறேன்."

"நீங்க நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது. உட்காருங்க."

நுனியில் உட்கார்ந்தாள்.

"அஞ்சாம் வகுப்பு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவங்களும் கோள் சொல்லலை. பயந்துட்டாங்க. நாப்பத்தோரு பிள்ளைங்க. மாடிப்படி இருக்கு. ஜன்னல்ல ஒருத்தன் தொங்கிக்கிட்டு கிரிக்கெட் கமென்ட்ரி கொடுக்கறான். ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"தெரியுது டீச்சர்."

"நான் உங்களைத் தப்பு சொல்லலை. எங்க வீட்டுக்காரர் போனப்போ நான் ஒரு வருஷம் டிவி சத்தம் இல்லாம தூங்கலை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு. உங்களுக்குக் கால்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "வெள்ளிக்கிழமை மூணாவது பீரியட் நான் வந்து கடைசி பெஞ்சில உக்காருறேன். அதே பாடம். நாப்பது நிமிஷம். மணி அடிக்கிறவரைக்கும் வகுப்புல இருங்க. போதும். இருக்க முடியலைன்னா, வருஷம் முடியிறவரைக்கும் ஆபீஸ்ல பதிவேடு பாருங்க. வகுப்பை வேற ஆள்கிட்ட கொடுக்கறேன். தண்டனை இல்லை, புரியுதா?"

புரிந்தது. அலுவலக அறை நாலடிக்கு ஆறடி. அங்கே மேஜை, பீரோ, சுவர்க் கடிகாரம். அங்கே உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் பைத்தியம் பிடித்துவிடும். அந்த நாப்பத்தோரு பேரின் கூச்சல்தான் பகலில் ஆறு மணி நேரமாவது அவள் தலைக்குள் ஓடுகிற கேள்வியை அமுக்கி வைத்திருந்தது.

கேள்வி இதுதான்: எதைப் பார்க்காமல் விட்டேன்?

புருஷன் அச்சகத்தில் தாள் வெட்டுகிற கட்டிங் மெஷின் ஆள். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவி, மெஷின் பக்கத்தில் வந்து நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாப்பத்தேழு வயது. 'அறிகுறி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்றார் டாக்டர். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பாள். கடைசி இரண்டு வாரத்தை அவள் மனசுக்குள் துணி துவைக்கிற மாதிரி அடித்து அடித்துப் பிழிந்துவிட்டாள். மூச்சு வாங்கினாரா? கை நடுங்கிற்றா? தட்டைக் கீழே வைத்தபோது சத்தம் வந்ததே, அது தானாகவா? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் உட்கார முடியவில்லை.

வீட்டில் நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். அவருக்கு அக்கா. வாய்க்காரி, ஆனால் சோறு போடுகிற கை.

"வந்ததிலேருந்து குட்டி போட்ட பூனை மாதிரி அங்கேயும் இங்கேயும் நடக்கற. அந்தத் தரை என்ன பாவம் பண்ணிச்சு? உக்காந்து சாப்பிடு."

"நின்னுக்கிட்டே சாப்பிடறேன்க்கா."

"நின்னுக்கிட்டு சாப்பிட நீ என்ன குதிரையா?"

அவள் சிரிக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு மேஜைக்குப் போய், புது அட்டையை விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். இந்த வீட்டில் இப்போது எல்லாமே பாதி. பாதி மடித்த துணி, பாதி திருத்திய நோட்டு, பாதி குடித்த காபி. மூன்று துண்டு வெட்டியதும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மூன்றும் மூன்று அளவு.

"என்னத்தை வெட்டற?"

"பட்டை. வெள்ளிக்கிழமைக்கு."

"அதுக்குத்தான் தம்பி ஒரு பண்டல் கொண்டுவந்து வச்சானே. பீரோல கீழ்த்தட்டுல பழுப்புத் தாள் சுத்தி இருக்கு. நேத்து துணி அடுக்கும்போது பார்த்தேன்."

அவள் நாலாவது துண்டுக்குக் கோடு போட்டாள். பீரோவில் அது இருப்பது அவளுக்குத் தெரியாதா?

பதினாறு வருஷமும் பட்டைகள் அச்சகத்திலிருந்துதான் வந்தன. அச்சகத்தில் மிஞ்சுகிற தாளை இருபத்துநாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு அவர் வெட்டிக்கொண்டு வருவார். ஏன் இருபத்துநாலு என்று கல்யாணமான புதிதில் கேட்டார். இரண்டாலும் மூன்றாலும் நாலாலும் ஆறாலும் எட்டாலும் வகுபடும் என்றாள். "பரவாயில்லையே, ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளையா இருக்கிற நம்பர்" என்றார். அச்சகத்தில் அவருக்கு 'நூலு' என்று பட்டப்பெயர். தாள் அடுக்கைத் தட்டி, ஓரம் சேர்த்து, கத்தியை இறக்கினால் ஒரு நூல் பிசகாது. நூல் என்றால் தச்சர்கள் சொல்கிற அளவு, அங்குலத்தில் எட்டில் ஒன்று. அவர் பிசகியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெட்டி முடித்த ஒவ்வொரு பண்டலின் அடியிலும் வெட்டியவர் ஒரு சீட்டு வைப்பார்; என்ன அளவு, எத்தனை, ஏதாவது குறை உண்டா என்று. மேலே வைத்தால் தூக்குகிறபோது விழுந்துவிடுமாம். பண்டலை வாங்குகிறவன் முதலில் கவிழ்த்துச் சீட்டைப் படிக்க வேண்டும். படிக்காமல் மெஷினில் ஏற்றினால் அவன் பாடு. அவளுக்கும் அப்படியே சீட்டு வைத்துத்தான் கொடுப்பார். அவள் ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. வெட்டியவரே எதிரில் நிற்கும்போது சீட்டு எதற்கு?

இந்த வருஷப் பண்டலை வழக்கத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்தார். சாய்ந்து விழுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

"இன்னும் நாலு மாசம் இருக்கே, இப்பவே எதுக்கு?" என்று கேட்டாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தாள் இருக்கும்போது வெட்டிடணும் டீச்சர். அடியில சீட்டு இருக்கு, பாரு."

"சரி சரி, பீரோல வைங்க."

அவ்வளவுதான். அவர் போனபின் அந்தப் பண்டலை அவள் பிரிக்கவே இல்லை. பிரித்தால் பட்டைகளைப் பிள்ளைகள் மடிப்பார்கள், வண்ணம் அடிப்பார்கள், கப்பல் செய்வார்கள். வருஷக் கடைசியில் குப்பைக்குப் போகும். வேறு எது போனாலும் பரவாயில்லை. அவர் கை கடைசியாக வெட்டிய நேர்கோடு நூற்றி அறுபது பங்காக அதற்குள் இருக்கிறது. அது போகக் கூடாது.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அச்சகம் வரை நடந்தாள். அங்கே புதிதாக வந்திருக்கும் ஆளிடம் நூறு பட்டை வெட்டித் தரச் சொல்லலாம் என்று எண்ணம். கதவருகில் போகும்போதே கத்தி இறங்குகிற சத்தம் கேட்டது. தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். அவருக்கு அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் நீளம். வந்த வழியே திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழியில்லை. பண்டலைப் பைக்குள் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போ. உனக்குன்னு வெட்டலை அவன். பிள்ளைங்களுக்குன்னு வெட்டினான்."

"பிரிக்கலைக்கா. சும்மா பையில இருக்கட்டும்."

"பையில இருந்து அது என்ன குஞ்சா பொரிக்கப்போகுது?"

மூன்றாவது பாடவேளை. பெரிய டீச்சர் சொன்னபடியே வந்து, சத்தத்தின் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்து, சத்தம் மறுமுனையில் சற்றே உயர்ந்தான். ஜென்மத்தில் முதல்முறையாக அவன் வாய் மூடியிருந்தது.

வியாழக்கிழமை மாலை அவள் மறுபடி வெட்டிய அட்டைத் துண்டுகள் மேஜையில் இருந்தன. முதல் பெஞ்சில் இருந்தே வக்கீல் அவற்றை ஒரு பார்வை பார்த்தாள். பேசவில்லை. பேசாததே வாதாடின மாதிரி இருந்தது.

டீச்சர் துண்டுகளைத் திரும்பப் பைக்குள் தள்ளினாள். பண்டலை எடுத்து மேஜையில் வைத்து, சணலை அவிழ்த்து, யோசிப்பதற்கு முன் பழுப்புத் தாளைப் பிரித்தாள். மேலே வெள்ளைப் பட்டைகள், கீழே மஞ்சள். எப்போதும் வெள்ளை மட்டுமே வரும். மஞ்சளைப் பார்த்ததும் பிள்ளைகளிடம் ஓர் 'ஆ' எழுந்தது.

"ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். வக்கீல், நீ கொடு." கொத்தாக அள்ளிக் கொடுத்தாள். அடுக்கு கலைந்தது. அவ்வளவு நேரம் கெட்டியாக இருந்த ஓரம் கலைவதைப் பார்க்காமல் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பெரிய டீச்சருக்கும் கொடு."

"வெள்ளையைச் சரி பாதியா மடிங்க. மஞ்சளைப் பாதியா மடிச்சு, இன்னொரு தடவை பாதியா மடிங்க. பிரிச்சா நாலு பங்கு. அதுல ரெண்டு பங்கை எடுத்து, வெள்ளைப் பாதி மேல வச்சுப் பாருங்க."

மடிக்கிற சரசரப்பு. நகத்தால் தேய்க்கிற ஓசை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளங்கால் அரித்தது. மேஜையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து மேஜை. வகுப்புக்குள் நடக்கலாம், அதில் தப்பில்லை.

"மிஸ்."

வக்கீல் எழுந்து நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு பட்டை.

"இதுவும் சமம் இல்லை மிஸ். அன்னிக்கு ஆறுல மூணு பெருசா இருந்துச்சு. இன்னிக்கு நாலுல ரெண்டு சிறுசா இருக்கு. அப்போ எதுதான் மிஸ் சமம்?"

"எனக்கும் சிறுசு!" "எனக்கும்!" "எனக்குப் பாதி பெருசு மிஸ்!" வகுப்பு தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆயிற்று.

குனிந்து பார்த்தாள். கால் அங்குலம். நெல்மணி அல்ல, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற கால் அங்குலம். இது அவள் கத்தரிக்கோல் இல்லை. இது அவர் கத்தி.

பிசகியிருக்கிறது.

நூலு பிசகிவிட்டார். பன்னிரண்டு நாள் முன்னால். அப்போதே கை சொன்னபடி கேட்கவில்லை. அப்போதே கண் மங்கியிருக்கிறது. பண்டலைக் கையில் வைத்துக்கொண்டு 'பாரு' என்றார், இவள் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். இதுதான் அது. இத்தனை நாள் தேடியது பீரோவின் கீழ்த்தட்டிலேயே இருந்திருக்கிறது.

கால் நகர்ந்தது. வாசல் ஆறு எட்டு வைக்கிற தூரம். மூன்றாவது எட்டில் இடித்துக்கொண்டாள். வக்கீல் தன் பட்டைகளோடு வழியில் வந்து நின்றிருந்தாள். வழி மறிக்க அல்ல, பதில் வாங்க. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற பெண் அவள். பதில் வராமல் நகர மாட்டாள்.

"சொல்லுங்க மிஸ்."

சமம்னு வச்சுக்கோ என்பது நாக்கு நுனி வரை வந்தது. கடைசி பெஞ்சில் பெரிய டீச்சர் பேனாவை மூடியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள். "ஏன்னு தெரியலை. கொஞ்சம் இரு, பார்க்கலாம்."

கடைசி பெஞ்சுச் சத்தத்தால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. மற்றவர்கள் மடித்துக்கொண்டிருந்தபோது அவன் மடிக்கவே இல்லை. இரண்டு பட்டையையும் மூக்குக்குக் கீழே பிடித்து, இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் மஞ்சள் என்று மீசை வைத்துக்கொண்டு பெரிய டீச்சர் பக்கம் திரும்பினான்.

"டேய், உன் மஞ்ச மீசை குட்டைடா" என்றான் முன்னால் இருந்தவன்.

"போடா, நீ கோணலாப் பார்க்கற."

"நிஜமாவே குட்டை" என்றார் பெரிய டீச்சர்.

வக்கீல் ஓடினாள். அவன் மூக்கடியில் இருந்த இரண்டையும் பிடுங்கி, பெஞ்சின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையை ஒட்டிப் பிடித்து, மறுமுனைக்கு விரலை ஓட்டினாள். மஞ்சள் முடிந்தபின்னும் வெள்ளை அரை அங்குலம் நீண்டு கிடந்தது.

"மிஸ்! முழுசே ஒண்ணா இல்லை மிஸ்! மஞ்சள் முழுசே சின்னது! அப்புறம் பாதி எப்படி மிஸ் ஒத்துப்போகும்?"

நாப்பது பேரும் மடிப்பைப் பிரித்து அளந்தார்கள். எல்லா மஞ்சளும் ஒரே அளவு குட்டை. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை.

டீச்சர் அங்கேயே நின்றாள். எல்லாம் ஒரே அளவு. நடுங்குகிற கை ஓரம் சேர்த்திருந்தால் எண்பது தாளும் ஒரே அளவாக வந்திருக்குமா?

மேஜைக்குத் திரும்பி வந்தாள். மிச்சம் இருந்த மஞ்சள் அடுக்கை இரண்டு கையாலும் பிடித்து, பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, கவிழ்த்தாள்.

அடியில் சீட்டு இருந்தது. அச்சக வேலைக்காக அவர் எழுதுகிற கொட்டை எழுத்து.

அவள் படித்தாள். பிறகு, நாப்பத்தோரு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், வாய்விட்டும் படித்தாள்:

"டீச்சர் கவனத்துக்கு. வெள்ளை எண்பது, இருபத்துநாலு சென்டிமீட்டர். மஞ்சள் எண்பது, நாலு நூல் கம்மி. தாள் அவ்வளவுதான் இருந்தது. கலர் நன்றாக இருந்ததால் விட மனசில்லை. இரண்டையும் கலக்காதே."

வக்கீல் கடைசி பெஞ்சிலிருந்து மேஜைக்கு ஓடி வந்தாள்.

"யாரு மிஸ் எழுதினது?" என்று கேட்டாள் வக்கீல்.

"வெட்டினவர்."

"அப்போ அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"ம். தெரிஞ்சுதான் வெட்டியிருக்கார்."

"நீங்க ஏன் மிஸ் முதல்லயே படிக்கலை?"

கடைசி பெஞ்சில் பெரிய டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் முந்திக்கொண்டாள்.

"கவுத்துப் பார்க்கலை. தப்பு என்னோடது." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கும் என்னோடதுதான். நான் வெட்டின துண்டு ஒண்ணுக்கொண்ணு வளர்ந்துபோச்சு. உன் கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. சமம்னு வச்சுக்கோன்னு சொன்னேன் பாரு, அது பெரிய தப்பு. எதையும் யாரு சொன்னாலும் சமம்னு வச்சுக்காதே. வச்சுப் பாரு."

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. கேஸ் ஜெயித்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததைப் பாடம் என்று பாடக்குறிப்பில் எழுத முடியாது. சந்தை என்று எழுதலாம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்: ஒருவருக்கு இரண்டும் வெள்ளை, ஒருவருக்கு இரண்டும் மஞ்சள். "எனக்கு மஞ்சள்தான் வேணும்." "நீ போன தடவையும் நல்லதை எடுத்துக்கிட்ட." ஒரு வழியாக வெள்ளைக் கட்சி, மஞ்சள் கட்சி என்று பிரிந்தார்கள். பெரிய டீச்சருக்கு ஜோடி சத்தம். அவர் வெள்ளையை வைத்துக்கொண்டு அவனுக்கு மஞ்சளைத் தள்ளிவிட்டார்.

மடித்தார்கள். வைத்தார்கள். வெள்ளைப் பாதியும் வெள்ளையின் நாலில் இரண்டும் மடிப்புக்கு மடிப்பு, ஓரத்துக்கு ஓரம் உட்கார்ந்தன. மஞ்சளும் அப்படியே.

"இப்போ கட்சி மாறிப் பாருங்க. வெள்ளைப் பாதி, மஞ்சள் பாதி."

"ஒத்து வரலை மிஸ்."

"ரெண்டும் பாதிதானே?"

"பாதிதான். ஆனா..." வக்கீல் நெற்றியைச் சுருக்கினாள். "அது வேற முழுசோட பாதி."

"அப்போ பாதின்னு மட்டும் சொன்னா போதுமா?"

"போதாது மிஸ். எதோட பாதின்னு சொல்லணும்."

அதைப் பலகையில் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. கால் இன்னும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே போய்ப் போய் வந்தாள். ஒரு தடவை வாசல் நிலை வரைக்கும்கூடப் போனாள். அங்கே கையை வைத்துக்கொண்டு நின்று, வராந்தாவைப் பார்த்து, திரும்பினாள்.

ஆறாக மடிப்பதுதான் பெரும்பாடு. பாதியாக மடித்துவிட்டு, அந்தப் பாதியை மூன்றாக்க வேண்டும். ஆளுக்கு இன்னொன்று கொடுத்தால் திங்கட்கிழமைப் பாடத்துக்குப் பட்டை போதாது. இருவருக்கு ஒன்று என்று, அந்தந்தக் கட்சிக்கு அந்தந்த நிறத்தில் கொடுத்தாள். பெரிய டீச்சருக்கு மூன்று தடவையும் ஒரு பங்கு குண்டாகவும் இரண்டு பங்கு ஒல்லியாகவும் வந்தது.

"இப்படி இல்லை பெரிய டீச்சர்" என்றான் சத்தம். "முதல்ல அழுத்தாதீங்க. சும்மா சுருட்டுங்க, ரெண்டு பக்கமும் சரியா வந்ததும் அழுத்துங்க. அவசரப்பட்டா கோணும்."

"நீ யாருடா எனக்குச் சொல்ல?" என்றார் அவர். ஆனால் அப்படியே செய்தார், சரியாக வந்தது.

முதல் பெஞ்சில் வக்கீல் ஆறில் மூன்றை எடுத்துப் பாதியின் மேல் வைத்தாள். கண்ணை ஓரத்துக்கு இறக்கி, ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். நகத்தை ஓட்டினாள். நகம் எங்கும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்த விரலை எடுக்காமல் இருந்தாள். அவ்வளவுதான்.

மணி அடித்தது.

அடித்து முடிகிற வரை டீச்சர் பலகைக்கு முன்னால் நின்றாள். நின்றோம் என்பதே மணி ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பிள்ளைகள் கலைந்ததும் பெரிய டீச்சர் எழுந்தார். பெஞ்சு ஆசுவாசமாக ஒரு சத்தம் போட்டது.

"பாடக்குறிப்புல எழுதினது ஒண்ணுகூட நடக்கலை."

"ஆமா டீச்சர்."

"நடுவுல ஒரு தடவை கிளம்பிட்டீங்கன்னே நினைச்சேன். பேனாவை மூடிட்டேன்."

"கிளம்பினேன். வக்கீல் நின்னுட்டா."

பெரிய டீச்சர் தன் பட்டைகளைச் சீராக அடுக்கி மேஜையில் வைத்தார். "திங்கக்கிழமை நான் வரமாட்டேன். எனக்கும் வேலை இருக்கு." வாசலில் திரும்பினார். "அந்த ஜன்னல் பையனை மட்டும் கீழே இறக்கி வைங்க."

வக்கீல் போகவில்லை. மேஜையருகில் நின்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இதைச் சுவர்ல ஒட்டலாமா? கலக்காதேன்னு போட்டிருக்குல்ல. மறந்துட்டா பார்த்துக்கலாம்."

டீச்சர் சீட்டைக் கையில் எடுத்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடத் தோன்றியது. நாத்தனாருக்குக் காட்ட வேண்டும்; 'தம்பிக்குக் கை நடுங்கலைக்கா, கலர் பிடிச்சிருந்ததாம், அதான்' என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாள் முன்னால் அவர் சரியாக இருந்தார். அதற்கப்புறம் பதினோரு நாள் மிச்சம் இருக்கிறது. அதற்குச் சீட்டு கிடையாது. ஆனால் ஒரு நாளைக்காவது சீட்டு இருக்கிறது.

"ஒட்டு" என்றாள். "மேல் முனையில மட்டும் ஒட்டு. கிழியக் கூடாது. திங்கக்கிழமை வந்து நான் எடுத்துப்பேன்."

"திங்கக்கிழமை எட்டுல நாலு இருக்கு மிஸ். அதுக்கும் வேணுமே."

"சரி. அது முடிஞ்சதும்."

வக்கீல் பெஞ்சின் மேல் ஏறி, பலகையின் ஓரத்தில் சீட்டை வைத்து, நேராக இருக்கிறதா என்று திரும்பிக் கேட்டாள். டீச்சர் இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இடது பக்கம் ஒரு நூல் தூக்கு" என்றாள்.